கோலாலம்பூரில் விமானம் மாறுகிறவர்களுக்கு: சோதனை வரிசையும் ஊறுகாய் பாட்டிலும்

எங்கள் வீடு கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில். அக்கா மெல்பர்னில், சித்தப்பா குடும்பம் திருச்சியில், மாமா ஒருவர் லண்டனில். ஆகவே குடும்பத்தில் யாராவது ஒருவர் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் விமான நிலையம் வழியாகப் போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார்கள். "அங்கே இறங்கினதும் எந்தப் பக்கம் போகணும்? மறுபடியும் செக்கிங் உண்டா?" என்று மாதம் ஒரு வாட்ஸ்அப் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கோலாலம்பூரில் முதல் தடவையாக விமானம் மாறுகிறவர்களுக்கும், இங்கிருந்து கிளம்பி வேறு ஊரில் மாறுகிறவர்களுக்கும் உதவும்.

வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். நேரத்தைத் தின்பது வேறு. ஸ்கேனருக்குள் போன உங்கள் பை நேராக வெளியே வராமல் பக்கத்துத் தடத்துக்குத் திரும்பிவிடுகிறதே, அதுதான். அதைத் திறந்து பார்க்க ஓர் அதிகாரி வரவேண்டும். உங்களுக்கு முன்னால் நான்கு பைகள் காத்திருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி வீட்டில் பை அடுக்குவதைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கும்போது

ஒரே சீட்டில் இரண்டு விமானங்களா, தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளா? எல்லாம் இதில்தான் தொடங்குகிறது.

ஒரே சீட்டாக இருந்தால் பெரும்பாலும் பெட்டி கடைசி ஊர் வரைக்கும் தானே போய்விடும். நீங்கள் குடிநுழைவு (இமிக்ரேஷன்) பக்கம் போகாமல், உள்ளுக்குள்ளேயே ஒரு சோதனையைத் தாண்டி அடுத்த கேட்டுக்குப் போகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது விமான நிறுவனத்தின் வேலை.

தனித்தனிச் சீட்டு மலிவு. சித்தப்பா மகன் அப்படித்தான் வாங்கினான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஒன்று, கோலாலம்பூரிலிருந்து மெல்பர்ன் இன்னொன்று, நடுவில் இரண்டேகால் மணி நேரம். "ஒரே ஏர்போர்ட்தானே அண்ணா" என்றான். ஒரே ஏர்போர்ட்தான், ஆனால் டெர்மினல் வேறு. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, ரயிலேறி, அடுத்த டெர்மினலில் கவுன்டரைத் தேடிப் போனால், மூடிவிட்டார்கள். பன்னாட்டு விமானங்களுக்குக் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். யாரையும் குறை சொல்ல முடியாது, கணக்குப் போட்டது நாங்கள். புதுச் சீட்டின் விலை, அவன் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு.

தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். என் கணக்கு அது. இன்னும் சில விஷயங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்து வெளியேறப் போகிறீர்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் எம்டிஏசி என்ற மின்னியல் வருகை அட்டையை, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்கும் பக்கத்தில் இருந்தால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள். குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை.

டெர்மினல் விஷயம்: மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1, ஏர்ஏசியா டெர்மினல் 2. பழைய ஆட்கள் இதை இன்னும் கேஎல்ஐஏ 2 என்றுதான் சொல்வார்கள், பயந்துவிட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்றே நிமிடம், கட்டணம் 2 வெள்ளி (ரிங்கிட்). இலவசப் பேருந்தும் உண்டு. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் ரயிலுக்குக் காத்திருப்பதும், தள்ளுவண்டியோடு மாடி ஏறி இறங்குவதும் சேராது.

மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சீட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். 00:30 என்று போட்டிருந்தால் அது அந்தத் தேதி பிறந்து அரை மணி நேரம். முதல் நாள் இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இதில் ஏமாந்த பட்டதாரிகளை எனக்குத் தெரியும்.

கைப்பை அடுக்கும் கலை

பெரும்பாலான ஊர்களில், பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் வைக்கும் எந்த நீர்மமும் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாப் பாட்டில்களும் ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் வைத்த ஒளி ஊடுருவும் பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பாட்டிலின் அளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோகச் சிலர் திட்டமிட்டது வெளிப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது ஷாம்புவில் இல்லை, சாப்பாட்டில்தான். ஊறுகாய், தொக்கு, நெய், தயிர், தேங்காய்ச் சட்னி எல்லாமே இவர்கள் கணக்கில் நீர்மம் அல்லது களிம்பு. மலேசியாவிலிருந்து போகிறவர்கள் பட்டியலில் சம்பால், காயா, பினாங்கிலிருந்து வாங்கிவரும் கறி மீ பேஸ்ட், ஜாதிக்காய்த் தைலம் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயா ரொட்டியில் தடவுகிற சாமான்தானே என்று வாதாடிப் பார்த்தேன். தடவ முடிகிறது என்பதுதான் அதன் குற்றமே. அம்மா போட்ட ஆவக்காய் பாட்டில் ஒன்று ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதிகாரி கொஞ்சம் வருத்தமாகத்தான் போட்டார். இவையெல்லாம் பெரிய பெட்டிக்குள், இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு. கைப்பையில் முறுக்கு, அதிரசம், இட்லிப் பொடி போதும்.

பொடி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பன்னாட்டு விமானங்களில் 2018 ஜூன் 30 முதல் கனிமப் பொடிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கைப்பையில் மொத்தம் 350 மில்லி அல்லது 350 கிராம் வரைதான். உப்பு, மணல், சில வகை டால்கம் பவுடர் இதில் அடங்கும். மிளகாய்த் தூள், காப்பித் தூள் போன்ற உணவுப் பொடிகளுக்கு இந்த அளவு கிடையாது. அப்படியானால் திருநூறு? சாம்பல் எந்தக் கணக்கில் வரும் என்று சோதனை மேடையில் நின்று விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. நெற்றிக்கு வேண்டியதை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டு, பழனியிலிருந்து வந்த பெரிய பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன்.

ஐயப்ப பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய விமானங்களில் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக வழக்கமாக அனுமதி இல்லை. 2022, 2024 சபரிமலைப் பருவங்களில் இருமுடியில் உள்ள நெய்த் தேங்காய்க்கு மட்டும் அடுத்த ஜனவரி 20 வரை தற்காலிகச் சலுகை கொடுத்தார்கள். இங்கே கோயிலில் இருமுடி கட்டிக்கொண்டு சென்னையில் இறங்கி, அங்கிருந்து கொச்சிக்கு உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். குருசாமி சொன்னார் என்று போய் நிற்காதீர்கள்.

அடுத்து, பவர் பேங்க். இதுதான் இப்போது பெரிய தலைவலி. அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட் அவர் வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பாட்டரியில் மில்லி ஆம்ப் அவர் (mAh) கணக்குதான் எழுதியிருக்கிறது என்றால் அதை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட் அவர். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண் படிக்க முடியாததை அதிகாரி எப்படி அனுமதிப்பார்? 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் புசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன் தரையில் நின்றிருந்தபோதே தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் பேச்சு வந்தபின், பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதையும் மேலே உள்ள பெட்டகத்தில் வைப்பதையும் தடுத்துவிட்டன. மலேசியா ஏர்லைன்ஸ், ஏர்ஏசியா இரண்டிலும் அப்படித்தான். ஆகவே போனை ஏர்போர்ட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள்.

தெரியாமல் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். விமானம் மாறும் பயணத்தில் நீங்கள் போய்விடுவீர்கள், பெட்டி பின்தங்கிவிடும். பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு "யாருடைய பவர் பேங்க் உள்ளே இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தடவையாவது "ஐயோ" என்று பதில் வராமல் இருந்ததில்லை.

கைப்பையை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் துணி, சாப்பாடு. நடுவில் மருந்து, சார்ஜர். மேலே, ஜிப்பைத் திறந்தவுடன் கைக்கு வரும்படி மடிக்கணினி, பவர் பேங்க், நீர்மப் பை. வயர்களைச் சுருட்டி ஒரே உறையில் போடுங்கள். வயர் குவியலும் இரும்பு டிபன் பாக்ஸும் ஒன்றாகக் கிடந்தால் ஸ்கேனர் திரையில் என்னவென்று தெரியாது, பை ஓரம்போய்விடும்.

சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின், திரவ மருந்து, குழந்தைப் பால் இவற்றுக்கு 100 மில்லிக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கேனருக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

உடம்பில் இருக்கும் உலோகம்

நம் உடம்பில் எத்தனை உலோகம் இருக்கிறது என்பது மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். காப்பு, வேட்டி பெல்ட், புடவைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, மெட்டி, அரைஞாண் கொடி. இதில் அரைஞாண் கொடியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். என் மாமா ஒவ்வொரு தடவையும் ஒலி எழுப்பி, ஒவ்வொரு தடவையும் அதே ஆச்சரியத்தோடு இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். பயணத்துக்கு மட்டும் கறுப்புக் கயிற்றுக்கு மாறிக்கொண்டால் போதும்.

தாலியைக் கழற்ற வேண்டுமா என்று பெண்கள் கேட்கிறார்கள். எங்கள் அம்மா ஒரு தடவையும் கழற்றியதில்லை. ஒலி வந்தால் பெண் அதிகாரி ஒருவர் கைக்கருவியால் சோதித்துவிட்டு அனுப்புவார். ஆண் அதிகாரி அருகே வந்தால், பெண் அதிகாரி வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம்.

இறங்கியதும்

கிளம்பும் ஊர்க் கவுன்டரிலேயே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: இரண்டு போர்டிங் பாஸ்களும் கையில் வேண்டும், பெட்டியில் ஒட்டிய சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்க வேண்டும். மெல்பர்னுக்குப் போகும் பெட்டியில் எம்ஈஎல் இருக்க வேண்டும். கேயூஎல் மட்டும் இருந்தால் உங்கள் பெட்டி கோலாலம்பூரில் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

விமானத்திலிருந்து இறங்கியதும் கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். திருச்சி விமானத்தில் வருகிற பாதிப் பேர் இங்கேயே இறங்குகிறவர்கள். அவர்கள் பின்னால் போனால் குடிநுழைவு வரிசையில்தான் நிற்பீர்கள். பலகையில் டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைத் தேடுங்கள். மலாய்ச் சொற்கள் சிலவும் தெரிந்திருந்தால் நல்லது: கெத்திபாஆன் என்றால் வருகை, பெர்லெப்பாசான் என்றால் புறப்பாடு, பிந்து என்றால் வாசல், தாண்டாஸ் என்றால் கழிப்பறை.

"திருச்சியில் ஒரு தடவை சோதித்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?" ஒரு நாட்டின் சோதனையை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளத் தனி ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு மாற்றத்திலும் புதிதாகச் சோதிப்பார்கள். அதிலும் விதிகள் ஒன்றுபோல் இருக்காது. புது ஸ்கேனர் உள்ள ஊரில் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டாம் என்பார்கள். அடுத்த ஊரில் எடுக்காததற்குத் திட்டுவார்கள். எடுத்து வைத்துக்கொண்டே போங்கள், வேண்டாம் என்றால் உள்ளே வையுங்கள்.

டியூட்டி ஃப்ரீ பாட்டில் வாங்கியிருந்தால், கடையில் கொடுத்த முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருங்கள். விமானத்தில் திறந்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தவர் அடுத்த சோதனையில் முழுப் பாட்டிலையும் இழந்தார், அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தனித்தனிச் சீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: பெட்டியை வெளியே எடுத்துவிட்டதால் பாட்டிலை அதற்குள் வைத்து மறுபடி ஒப்படைக்கலாம்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸில் நீங்கள் ஏறுவது உள்நாட்டு விமானம், அங்கே தண்ணீர்ப் பாட்டிலோடு போகலாம். அதே பாட்டில் கோலாலம்பூரில் பன்னாட்டுப் பகுதிக்குள் நுழையும்போது பறிபோகும். தண்ணீர் பரவாயில்லை, தைலப் பாட்டில் என்றால் வயிறு எரியும். சென்னைக்குத்தான் போகிறீர்கள் என்றால் 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கிலிருந்து நேரடி விமானம் தொடங்கியது. அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வரிசைக்குள்

எந்த வரிசை வேகம் என்று பலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விதி: கைக்குழந்தைகளும் ஷூ லேஸும் நிறைந்த குடும்பத்துக்குப் பின்னால் நிற்காதே, அலுவலகப் பை மட்டும் தொங்கும் ஆளுக்குப் பின்னால் நில். அவர்கள் வாரம் ஒரு தடவை பறப்பவர்கள். (நான் குடும்பத்தோடு போகும்போது எனக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.)

டிரே கைக்கு வருவதற்கு முன்பே பாக்கெட் காலியாகியிருக்க வேண்டும். போன், கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் கைப்பையின் முன் ஜிப்பில் போட்டு மூடிவிடுங்கள். தனித்தனியாக டிரேயில் வைத்தால் ஒன்றாவது தங்கிவிடும். பாஸ்போர்ட்டை டிரேயில் வைக்கவே வேண்டாம், அது எப்போதும் ஜிப்புக்குள். மறுபுறம் வந்ததும் பெல்ட்டின் ஓரத்திலேயே நின்று ஷூ மாட்டாமல், சாமான்களை அள்ளிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விடுங்கள்.

கேட் வரைக்கும்

சோதனை முடிந்தது, சரி, இனி சாவகாசமாகச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். டெர்மினல் 1 இல் பல பன்னாட்டு கேட்டுகள் சி எழுத்தில் தொடங்கும், அவை சேட்டிலைட் கட்டடத்தில் இருக்கின்றன. அதற்கு ஏரோடிரெயின் ஏறவேண்டும். 2023 மார்ச்சில் நின்றுபோன அந்த ரயில் 2025 ஜூலை 1 முதல் மீண்டும் ஓடுகிறது. டெர்மினல் 2 இல் பி (P), க்யூ (Q) கேட்டுகளுக்கு ஸ்கைபிரிட்ஜ் என்ற உயரமான பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது நீண்ட நடை.

கேட் வாசலிலும் இன்னொரு ஸ்கேன் இருக்கலாம். நடுவில் கடையில் வாங்கிய தண்ணீர்கூட அங்கே உள்ளே போகாது. அதனால் முதலில் கேட் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பசியாறிவிட்டு, கழிப்பறைக்கும் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். கேட்டைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். போர்டிங் பாஸில் அச்சிட்ட கேட் எண் மாறவும் கூடும், திரையைப் பாருங்கள்.

நேரம் போதவில்லை என்றால்

முதல் விமானம் தாமதமானால், இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். இறங்கும் வாசலில் உங்கள் அடுத்த விமானத்தின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு ஊழியர் நிற்கிறாரா என்று பாருங்கள். வரிசையில் பின்னால் நின்று உள்ளுக்குள் புழுங்குவதில் பயனில்லை. போர்டிங் பாஸை முன்னால் நீட்டி, அருகில் உள்ள அதிகாரியிடம், "மாஃப் எஞ்சிக், சாயா தாக்குட் தெர்திங்கால் ஃப்லைட். பொலே சாயா லாலு டூலு?" என்று கேளுங்கள். மன்னிக்கவும், விமானத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நான் முதலில் போகலாமா என்று அர்த்தம். பெண்ணாக இருந்தால் எஞ்சிக்குக்குப் பதில் புவான். வரிசையில் முன்னால் நிற்கும் பயணிகளிடமும் கேட்கலாம். நேரத்தைக் காட்டிப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலோர் வழி விடுவார்கள். கேட்காமல் கயிற்றுக்கு அடியில் நுழைந்தால் யாரும் விடமாட்டார்கள்.

வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிட வேண்டும். "எனக்கென்ன, நடக்க முடியும்" என்று அப்பா கோபப்படுவார். நாற்காலியோடு ஓர் ஊழியர் வருவார், வழி தெரிந்தவர், சோதனையிலும் கூடவே நிற்பார் என்று சொல்லுங்கள். எங்கள் சித்தப்பாவும் முதலில் அப்படித்தான் முறைத்தார். மெல்பர்னில் இறங்கி அவர் அனுப்பிய முதல் செய்தி: "நாற்காலி தள்ளிய தம்பி கோலாலம்பூர் செந்தூல்காரன். நம்ம ஆள்."